வெளியேறச் சொல்லாத கம்ப்யூட்டர்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

உன் கடையை நான் மூடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உறையூர் பஸ் ஸ்டாப் எதிரே உன் பிரவுசிங் சென்டர் தினமும் திறக்கிறது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் கூடிச் செய்து எல்லோருக்கும் சும்மா கொடுக்கிற அந்த லினக்ஸ்தான் இன்னும் ஓடுகிறது, நீ போட்ட தமிழோடு.

அந்தத் தமிழுக்குத்தான் ஆபத்து வந்தது. அடுத்த பதிப்புக்காக உன் மொழிபெயர்ப்புக் குழு ஸ்ரீரங்கத்தில் கூடியது, உனக்குப் பதில் நான் போனேன். வேலை முடிந்ததும் அழுத்துகிற பட்டனில் நீ வைத்த 'போயிட்டு வாங்க'வை எடுத்துவிட்டு, பழையபடி 'வெளியேறு' என்று போட வேண்டும் என்றார் புதிதாகச் சேர்ந்த ஒருவர். கம்ப்யூட்டரில் பேச்சுத்தமிழ் இருந்தால் மரியாதையாக இருக்காதாம்.

மரியாதையா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. லால்குடியிலிருந்து வந்த அந்த அம்மாவை மறப்பேனா? தட்டுத்தடுமாறித் தானே விண்ணப்பத்தை முடித்தவர், திரையில் 'வெளியேறு' என்று படித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "நான் என்னங்க தப்பு பண்ணேன்? வெளிய போகச் சொல்லுது" என்றார். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாய். அப்புறம் குழுவோடு மல்லுக்கட்டி அந்தச் சொல்லையே மாற்றினாய்.

கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன்.

"சரிங்க, ஆனா அவங்க இல்லையே. இனிமே இந்தத் தமிழை யாரு பார்த்துக்குவாங்க? ஆள் இல்லாம விட முடியாதுங்க" என்றார் அவர்.

"நான் பார்த்துக்கிறேங்க. என் பேரைப் போட்டுக்கங்க."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கிறேன். அதுவரைக்கும் அந்தச் சொல்லுல யாரும் கை வைக்காதீங்க."

பிறகு அவரே என் பெயரை எழுதிக்கொண்டார். இப்போது கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் படிக்கிறேன். பாதி புரியவில்லை, விடுவதாகவும் இல்லை.

அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நீயும் வாசலில் நின்று "போயிட்டு வரேன்டி" என்றுதான் சொன்னாய். வரவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். யாரைக் கேட்டுப் போனாய்?

கடை அடைக்கும்போது ஒவ்வொரு திரையிலும் உன் சொல்லைத்தான் அழுத்துகிறேன். நான் இருக்கிற வரைக்கும் இங்கே எந்தக் கம்ப்யூட்டரும் யாரையும் வெளியேறச் சொல்லாது. உன்னையும்தான்.

உன் நாற்காலியை யாருக்கும் விடாத
உன் தங்கை