கதவுக்குக் குறுக்கே பெட்டி

ஏப்ரல் 22

கரட் விலை விழுந்துவிட்டது. போஞ்சிதான் இந்தக் கிழமை காப்பாற்றுகிறது. தம்புள்ளைக்கு லொறியை அனுப்பிவிட்டுக் கடைக்குள் வந்தால் இவரைக் காணவில்லை. "ஐயா தேத்தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு போனாருங்க" என்றான் வீரய்யா. கடை தொடங்கிய நாளிலிருந்து எங்களோடு மூட்டை தூக்குகிறவன்.

கொஞ்ச நேரத்தில் பூனாகலை பஸ் கண்டக்டர் போன் எடுத்தான். "அம்மா, ஐயா நம்ம பஸ்ஸுல இருக்காரு. டிக்கட் கேட்டா, வேலைக்கு நேரமாச்சு, சீக்கிரம் ஓட்டுங்கிறாரு."

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் இவர் வேலை செய்தது எந்தக் காலத்தில். அதை விட்டு வந்து, பண்டாரவளையில் மரக்கறி மொத்தக் கடை போட்டு, லொறி வாங்கி, வீடு கட்டி - எல்லாவற்றையும் தாண்டி அங்கே போய் நிற்கிறார்.

"சும்மா பழைய ஆளுங்களைப் பார்க்கப் போயிருக்காரு" என்று வீரய்யாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினான்.

ஏப்ரல் 25

பதுளைக்குப் போய் டொக்டரிடம் காட்டினேன். மறதி நோய்தானாம். மருந்து கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், நிறுத்தாது என்றார். "எங்கயாவது கூட்டிட்டுப் போக ஆசைன்னா இப்பவே போங்கம்மா."

யாருக்கும் சொல்லப்போவதில்லை. சந்தையில் சின்னராசா சொன்னால் சொன்னதுதான் என்று பேர். மறதி என்று தெரிந்தால் அந்தச் சொல்லை யார் எடுப்பார்?

ஏப்ரல் 28

சோறு சாப்பிடும்போது இவரே கேட்டார். "எதிர்க்கடை முன்ஸிப் போற கப்பல்ல நாமளும் ஒருக்கா போகணும்னமே, என்ன ஆச்சு புள்ள?"

போன வருசம் பேசினது. மறக்கவில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிட்டது, கப்பல் மறக்கவில்லை.

எனக்குக் கடலே ஆகாது. மடுல்சீமை மலையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் ஓடை. அதுவும் மழை நாளில் கிட்டப் போக மாட்டேன். இவரோடு, இந்த நிலைமையில், நாலா பக்கமும் தண்ணீர்...

மே 2

முன்ஸிப் நானா கடைக்கு வந்தார். எதிர்ப்பக்கத் துணிக்கடைக்காரர். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் இடையில் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி றுஷ்தாவோடு கப்பல் ஏறிவிடுவார். வருசா வருசம் இதுதான். இந்தத் தடவை சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய் சிங்கப்பூருக்கே திரும்புவது. நாங்களும் வருகிறோம் என்றதும் மூட்டை மேல் உட்கார்ந்து பாடம் எடுத்தார்.

"கப்பல் ஒங்களுக்காக நிக்காது ஜெயாக்கா. முந்தின நாளே சிங்கப்பூர் போய்ப் படுக்கோணும். இறங்காட்டியும் பினாங்குக்கு விசா ஈக்கோணும், இல்லாட்டி ஏத்தவே மாட்டாங்க. மருந்தெல்லாம் கைப்பையில. பெரிய பெட்டிய அவங்க வாங்கிட்டுப் போனா ரூமுக்கு எப்ப வரும்னு செல்ல ஏலாது. கரை தாண்டினதும் போன்ல டேட்டாவ அணைங்க. பல்கனி உள்ள ரூம் எடுங்க, காலைல தேத்தண்ணியோட கடல பாத்துட்டு ஈக்கலாம்."

"பல்கனி வேணாம் நானா. ஜன்னலே இல்லாத ரூம்."

"ஜன்னலும் இல்லாமயா? பெட்டிக்குள்ள கருவாடு மாதிரி போவப்போறீங்களா?"

சிரித்தேன். காசைப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பல்கனிக் கம்பியைத் தாண்டினால் வாசல் என்று இவர் நினைத்துவிட்டால்? அதை எப்படிச் சொல்வது.

மே 11

றுஷ்தா ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்து தந்தாள். வாந்திக்கு வேர்க்கொம்பு, வாய்க்குச் சீனிச்சம்பல் போத்தல், ஒரு காந்தம். எல்ல டவுன் கடைகளில் விற்கிற ஒன்பது வளைவுப் பாலம் படம் போட்ட காந்தம்.

"கப்பல்ல கதவெல்லாம் இரும்பு, எல்லாம் ஒரே மாதிரி. இத ஒட்டி வைங்க, ரூம் மாற மாட்டீங்க. நான் மொத தடவ வேற ஒருத்தங்கட கதவத் தட்டி சண்டையும் புடிச்சேன்."

இவர் காந்தத்தைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "தெமோதர பாலம்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

மே 15

தூக்கம் இல்லை. போகாமல் விட்டால் என்ன? டிக்கட் போனால் போகட்டும். ஆனால் காலையில் இவர் தலை சீவி, சட்டை போட்டு, "கப்பல் இன்னைக்கா?" என்று கேட்டார். நேற்றும் கேட்டார்.

மே 18, கப்பல்

ஏறிவிட்டோம். இதைக் கப்பல் என்று சொல்வதா? பண்டாரவளை டவுனைத் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் உள்ளே எங்கள் அறை இருக்கிற நடைபாதை - தோட்டத்து லயம். அசல் லயமேதான். இந்தப் பக்கம் கதவு, அந்தப் பக்கம் கதவு, கண்ணுக்கு எட்டின மட்டும் கதவு. காந்தத்தை முதல் வேலையாக ஒட்டினேன்.

கப்பல் கிளம்புமுன் எல்லாரையும் நாலாம் தட்டுக்கு வரச் சொன்னார்கள். கப்பலுக்கு ஏதாவது ஆனால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று காட்டுகிற ஒத்திகை. உயிர்காப்புப் படகுகள் தலைக்கு மேல் தொங்குகின்றன. ஒரு தடவைக்கு மேல் நான் அண்ணாந்து பார்க்கவில்லை. இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கயும் பெரட்டு வைக்கிறாங்களா?"

கங்காணி பேர் கூப்பிடுவதற்கு விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்ற உடம்பு அல்லவா. நிமிர்ந்து நின்றார். ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை கார்ட்டைப் பார்த்து "சின்ராஸா" என்று கூப்பிட்டது. "ஆமாங்க" என்றார், மலைக்கே கேட்கிற மாதிரி. முன்ஸிப் நானா சிரித்தார். ஏதாச்சும் ஆனா இங்கதான் வந்து நிக்கணும் என்று இவர் எனக்கே சொல்லித் தந்தார்.

படுக்குமுன் பெரிய பெட்டியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டேன். அதன்மேல் சீனிச்சம்பல் போத்தல். நகர்ந்தால் விழும். சத்தம் கேட்கும்.

மே 19

பினாங்கு. இறங்கவில்லை. "எல்லாரும் இறங்கின பொறகுதான் கப்பல்ல சுகம், எங்கயும் வரிசை இல்ல" என்று றுஷ்தா சொன்னாள். இறங்குகிறவர்கள் அன்றன்று தருகிற தாளில் இருக்கும் கப்பலின் கரை ஏஜெண்டுடைய நம்பரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கப்பலை விட்டுவிட்டால் அதுதான் துணை.

மேல் தட்டில் காற்று வாங்கினோம். அங்கே சுற்றிலும் இருக்கிற கம்பி என் நெஞ்சு உயரம். இவர் என்னைவிட உயரம். கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். "என்ன புள்ள, புதுசா கல்யாணம் கட்டின மாதிரி" என்கிறார்.

மே 20

புக்கெட். இன்றைக்கும் இறங்கவில்லை. ஜன்னல் இல்லாத அறைக்கு டீவியில் கப்பலின் முன்பக்கம் காட்டுகிற சேனலைப் போட்டு வைத்தால் விடிந்தது தெரியும் என்று நானா சொன்னார். போட்டேன். இவர் எழும்பி உட்கார்ந்து கடலையே பார்க்கிறார். அணைத்துவிட்டேன்.

சாப்பிட்டு வரும்போது இவரே முன்னால் நடந்துபோய்ப் பாலம் ஒட்டின கதவில் நின்றார். இன்றைக்கு முழுக்க என் பேரும் மறக்கவில்லை. கடல் காற்றோ என்னவோ. இப்படியே இருந்தால்...

மே 21

நாளை காலையில் சிங்கப்பூர். பெரிய பெட்டியில் அடையாளச் சீட்டுக் கட்டி, படுக்குமுன் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டுமாம். கப்பல்காரர்கள் எடுத்துப்போய்க் கரையில் தருவார்கள்.

"நாளைக்கு உடுக்கிறத எடுத்து வெளிய வைங்க" என்றார் நானா. "நான் மொத தடவ எல்லாத்தையும் பெட்டியில போட்டு வெளிய வெச்சிட்டேன். கட்டியிருந்த சாரத்தோட சிங்கப்பூர்ல இறங்கினேன்."

"தொழப் பள்ளிக்குப் போற மாதிரி இறங்கினாரு" என்றாள் றுஷ்தா.

எங்கள் பெட்டியை நாங்களே கொண்டுபோகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அந்தப் பாரத்த ஏங்கா இழுக்கிறீங்க? அவரையும் புடிச்சிக்கிட்டு, பெட்டியையும் இழுத்துக்கிட்டு?"

ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெளியே வைத்துவிட்டேன். இப்போது கதவுக்குக் குறுக்கே போட அறையில் இருப்பது ஒரு முக்காலி. கை பட்டால் நகர்கிறது. போத்தலும் பெட்டிக்குள் போய்விட்டது.

முழித்தே இருக்க வேண்டும்.

மே 22, சிங்கப்பூர் ஏர்போர்ட்

இவர் பக்கத்தில உக்காந்து பன் சாப்பிடுறார்.

எப்ப தூங்கினேன்னு தெரியல்ல. கண் முழிச்சா இருட்டு. இன்னும் விடியல்லன்னு திரும்பிப் படுத்தேன். கையை நீட்டினா பக்கத்துல குளிரா இருக்கு. லைட்டைப் போட்டா, முக்காலி ஒழுங்கா சுவரோட ஒட்டி வச்சிருக்கு. கதவைத் திறந்தா சனம் கைப்பையோட சாப்பிடப் போகுது. விடிஞ்சு எவ்வளவு நேரமோ. பல்கனிக்குப் பயந்து நானே தேடி எடுத்த இருட்டு.

நானாவோட கதவைத் தட்டினேன்.

"நானா, இவரைக் காணல்ல."

"சாப்பாட்டுப் பக்கம் போயிருப்பார்கா, பதறாதீங்க."

"இல்ல நானா. இவருக்கு மறதி. டொக்டரும் சொல்லிட்டார். நான்தான் யாருக்கும் சொல்லல்ல."

அவர் செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னார். "எங்களுக்குத் தெரியும்கா. ஒவ்வொரு நாளும் காலைல என்ட பேர கேக்குறாரு. நானும் செல்லிட்டுத்தான் ஈக்கிறேன்."

நாங்க பேசுறதுக்குள்ளே றுஷ்தா கப்பல் ஆபீசுக்குப் போன் எடுத்திட்டா. நானா மேல் தட்டுக்கு ஓடினார். நானும் ஓடினேன். கம்பி ஓரமா, நீச்சல் குளத்துப் பக்கமா - ஒவ்வொரு கம்பியிலயும் எட்டிப் பார்த்தேன். கீழே தண்ணி மட்டும் வெள்ளையாப் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. அதுல என்னத்தைத் தேடுறது?

கப்பல் ஆள் ஒருத்தன் வந்து என்ன உடுத்திருக்கார்னு கேட்டான். தெரியல்ல. அறைக்கு ஓடி வந்து பார்த்தேன். எடுத்து வச்ச சட்டை அப்படியே இருக்கு. காற்சட்டையும் இருக்கு. செருப்பு இல்ல.

கட்டில்ல போர்வையும் இல்ல.

தண்ணியில விழப்போற ஆள் போர்வை எடுத்துட்டுப் போவாரா? அந்தப் போர்வை இல்லாத கட்டிலையே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்பதான் தெரிஞ்சுது. விடியக்காலைக் குளிர்ல கம்பளியைத் தலையோட கொங்காணி போட்டுக்கிட்டு ஆம்பளைங்க எங்க போவாங்க?

நாலாம் தட்டு. படகு தொங்குற இடம்.

நின்னுக்கிட்டு இருந்தார். சாரமும் கொங்காணியுமா, தன்னந்தனியா, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, நிமிர்ந்து. கால் ரெண்டும் தரையில இருந்த கோட்டுல சரியா இருந்துச்சு.

"ஏன் புள்ள இவ்வளவு நேரம்? பேர் கூப்பிடப் போறாங்க."

திட்டவும் முடியல்ல, அழவும் முடியல்ல. வாங்க போகலாம்னு கையைப் பிடிச்சேன். உதறிட்டார். "பேர் கூப்பிடாமப் போனா அரைப்பேருதான் போடுவான், பாதிச் சம்பளந்தான்."

பின்னால மூச்சு வாங்க நானா வந்தார். பார்த்தார். நேரா முன்னால போய் நின்னு, குரலைக் கனைச்சு, "சின்னராசா" என்றார்.

"ஆமாங்க."

"ஜெயலெட்சுமி."

இவர் முழங்கையால இடிச்சார். "சொல்லு புள்ள."

மே 25

வீடு. வந்த அன்றைக்குப் பெட்டியைக் கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்தேன். நேற்று அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன்.

மே 27

வீரய்யாவிடம் சொன்னேன். "தெரியுங்கம்மா" என்றான். "அந்த பஸ் கண்டக்டருக்கு உங்க நம்பரைக் கொடுத்து வச்சதே நாந்தான்."

அப்படியென்றால் நான் யாரிடம் மறைத்தேன்?

ஜூன் 9

முன்ஸிப் நானா ஊரெல்லாம் என்னைக் கப்பல்காரியாக்கி வைத்திருக்கிறார். மருமகளோடு போகப்போகிற ஒரு அம்மா விசாரிக்க வந்தார். காந்தம், கைப்பை மருந்து, விசா எல்லாம் சொன்னேன். கடைசியாகச் சொன்னது: கூட வருகிற ஆளுக்கு என்ன நோய் வருத்தம் இருந்தாலும் ஏறின அன்றைக்கே கப்பல்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். ஜன்னல் உள்ள அறை எடுங்கள்.

ஜூன் 16

லொறிக்கு ஏற்றுமுன் கடை வாசலில் பெரட்டு வைக்கிறேன். மூட்டை தூக்குகிற பையன்கள் முதலில் சிரித்தார்கள். வீரய்யா ஒரு பார்வை பார்த்தான், நிறுத்திவிட்டார்கள். கடைசிப் பேர் இவருடையது. கம்பளியோடு வந்து நிற்கிறார். பூனாகலை பஸ் பக்கம் போவதில்லை.

ஜூலை 3

மழை. நிற்கவே இல்லை. இவர் என்னை "அம்மா" என்று கூப்பிட்டார். கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு சரியாகிவிட்டது. ராத்திரி முழுக்கப் பயம்.

ஓகஸ்ட் 19

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

காலையில் எல்லார் பேரையும் கூப்பிட்டேன். இவர் பேருக்கு "ஆமாங்க" வந்தது. பிறகு என்னையே பார்த்தார். வீரய்யா பக்கம் திரும்பி, "இவங்க யாரு, புது ஆளா? பேர் கூப்பிடல்லையே" என்றார்.

பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீரய்யாதான் மெல்லச் சொன்னான். "நீங்களே கேட்டுக் கூப்பிடுங்கய்யா."

"பேரு என்னங்க?"

சொன்னேன்.

கம்பளியைச் சரிசெய்துகொண்டு, கங்காணி மாதிரி முன்னால் வந்து நின்று, தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டார்.

"ஜெயலெட்சுமி."

"ஆமாங்க" என்றேன். போய் வரிசையில் நின்றேன்.