அங்கத்துவக் குழுவும் பல்லுக்கொழுக்கட்டையும்

1998 ஜனவரி 14, புதன்

வேலைக்குத் திரும்பி இரண்டாம் கிழமை. நிலாணியைக் கீழ்மாடி அன்ரியிடம் விட்டுவிட்டு மோர்னிங்சைட் பஸ்ஸில் ஏறும்போது இன்றைக்கும் அதே கேள்விகள். பால்போத்தலை வைத்தேனா? வைத்தேன். மூடியை இறுக்கினேனா? கோர்ட் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்ததும் ரெலிபோன் எடுத்தேன்.

"பிள்ளை, போத்தல் இருக்கு, மூடி இருக்கு, உன்ர மகளும் இருக்கிறா. நீ போய் வேலையைப் பார்."

எழுத வந்தது அதுவல்ல. நீதிமன்ற நிர்வாகிகள் சங்கத்தின் அறிவித்தல் வந்திருக்கிறது! செப்டெம்பரில் மேற்பார்வையாளர் பயிற்சி வகுப்பு. முழு அங்கத்தவர்களுக்கு மட்டும். அதை முடித்தவர்களைத்தான் கவுண்டருக்குப் பின்னாலுள்ள மேசைகளுக்கு எடுக்கிறார்கள். எத்தனை நாள் அந்த மேசைகளைப் பார்த்துக்கொண்டே நின்று முத்திரை குத்தியிருக்கிறேன்.

விதியை வாசித்தேன். நீதிமன்ற நிர்வாகத்தில் தொடர்ந்து மூன்று வருட வேலை. 94 ஒக்டோபரில் சேர்ந்தேன். இருக்கிறது! நித்திரை வரவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

விண்ணப்பத்தைத் தபாலில் போட்டாயிற்று. "பெட்டிக்குள்ள கையை விட்டுப் பார்க்காதை, அது விழுந்திட்டுது" என்று என் கணவர் கீதன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

பெப்ரவரி 5, வியாழன்

இல்லையாம்.

பிரசவ விடுமுறையில் இருந்த மாதங்கள் "தொடர்ந்து" என்பதை முறித்துவிட்டனவாம். இந்த ஜனவரியிலிருந்து புதிதாக எண்ணவேண்டுமாம். 2001-இல் விண்ணப்பிக்கலாம் என்று அங்கத்துவக் குழுச் செயலாளர் டொரீன் மிக மரியாதையாக எழுதியிருக்கிறார். விரும்பினால் துணை அங்கத்துவம் தருவார்களாம். வாக்கும் இல்லை, வகுப்பும் இல்லை.

பிள்ளை பெத்தது பிழையே? நான் என்ன வேலையை விட்டிட்டு ஓடினனானே?

மீள்பரிசீலனை கேட்கலாம். கேட்டுவிட்டேன். குழுவில் மூன்று பேர். அதில் ஒருவர் எங்கள் ஆள். எட்வேட் அங்கிள், எழுபதுகளில் கொழும்பிலிருந்து வந்தவர், நகரமத்தி நீதிமன்றத்தில் பெரிய பதவி.

பெப்ரவரி 12, வியாழன்

எட்வேட் அங்கிள் ஒரு கூட்டத்துக்காக எங்கள் கட்டடத்துக்கு வந்திருந்தார். போய் வணக்கம் சொன்னேன். வாய் திறக்கமுதலே கையைக் காட்டினார்.

"நீர்தானே சாம்பவி? விண்ணப்பத்தைப் பற்றி என்னோட ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. ஸ்னோவைப் பற்றிக் கதையும்."

ஸ்னோவைப் பற்றிக் கதைத்தோம். போகும்போது மட்டும் சொன்னார்: "அந்த விதியள் எழுதேக்க நானும் இருந்தனான். மேசையைச் சுத்தி ஒரு பொம்பிளை இல்லை."

அது நம்பிக்கை தரும் பேச்சுத்தானே? கீதனிடம் மூன்று தரம் சொல்லிக் காட்டினேன். அவர் "ஓம்... ஓம்" என்றபடியே நித்திரையாகிவிட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

பல்! கீழே, இடப்பக்கம், அரிசிமணி போல. என் விரலைக் கடித்துத்தான் அறிவித்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். வெள்ளைச் சீலையை விரித்து நிலாணியை இருத்தி, தலையில் கொழுக்கட்டையைக் கொட்டி, முன்னால் புத்தகம், பேனா, காப்பு எல்லாம் வைத்தோம். எதைப் பிடிக்கிறாளோ அதுதான் அவளுடைய வருங்காலமாம். கீதன் குறும்புக்கு என் கந்தோர் அட்டையையும் இடையில் செருகியிருந்தார். அவள் அதைத்தான் பிடித்தாள்! பிடித்து, சப்பி, என் படத்தின் மூக்கை ஈரமாக்கிவிட்டாள். அன்ரி கொழுக்கட்டை விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லுப் பல்லாக வைத்திருந்தார். நாளைக்குக் கந்தோருக்கும் ஒரு பெட்டி.

மார்ச் 9, திங்கள்

பெட்டி நிமிடத்தில் காலி. எட்வேட் அங்கிளும் ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தார்.

"எட! பல்லுக்கொழுக்கட்டை! கண்டு எத்தினை வருசம்!"

நின்றநிலையில் மூன்று சாப்பிட்டார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஐயோ.

அங்கிள் ரெலிபோன் எடுத்தார். "பிள்ளை, நான் பெரிய பிழை விட்டிட்டன். உம்மட விண்ணப்பம் தீர்ப்புக்குக் கிடக்கேக்க உம்மட கொழுக்கட்டையைத் திண்டிட்டன். குழுவுக்கு அறிவிச்சு விலகிட்டன்."

"அங்கிள், அது லஞ்சமே? பிள்ளைக்குப் பல்லு வந்ததுக்கு!"

"எனக்குத் தெரியும். டொரீனுக்கு நான் எப்பிடி விளங்கப்படுத்திறது? தலையில கொட்டிப்போட்டுத் தாறவை எண்டோ?"

போன கிழமைதான் ஒரு வழக்குக்காரர் நீட்டிய டோனட் பெட்டியை "இல்லை ஐயா, வாங்கக்கூடாது" என்று நானே திருப்பிக் கொடுத்தேன். கொழுக்கட்டைக்கு அந்த நினைப்பு வரவேயில்லை. பல்லு வந்தால் கொடுப்பது. எதிரில் நிற்பவருக்கு எப்படிக் கொடுக்காமல் விடுவது?

எனக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளை நானே ஊட்டி அனுப்பிவிட்டேன். கீதன் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

மார்ச் 20, வெள்ளி

மிஞ்சிய இருவரில் ஒருவர் ஓம், டொரீன் இல்லை. சமநிலை. அப்படியானால் சங்கத்தின் யாப்பு விதிப்படி மே மாதப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் எல்லோரும் வாக்களிப்பார்கள். அதற்குமுன் விண்ணப்பதாரி பேசவேண்டும்.

நான்! மைக்கில்! இங்கிலீஷில்!

ஏப்ரல் 11, சனி

குளியலறையில் பேசிப் பார்த்தேன். நிலாணி அழுதாள். நியாயம், நீதி, பெண்ணுரிமை எல்லாம் வருகிறது. ஆனால் யாரோ எழுதித் தந்ததுபோல் இருக்கிறது.

மே 6, புதன்

பேசவேண்டியது கிடைத்துவிட்டது!! பஸ்ஸில் இறங்குமிடத்தையே தவறவிட்டேன்.

இன்று ஒரு முதியவர் கவுண்டருக்கு வந்தார். அவருடைய வழக்கைப் போன கோடையிலிருந்து தவணைமேல் தவணை போட்டு ஒத்திவைத்திருக்கிறார்கள். "என் கோப்பைத் தூக்கி எறிந்திருப்பீர்கள்" என்று கோபம். நான் நடப்பு வழக்குகளின் தட்டிலிருந்து எடுத்துவந்து காட்டினேன். அதே இலக்கம். அதே உறை. அவர் அமைதியானார்.

நான்தான் கோப்பைத் திரும்ப வைக்க மனமில்லாமல் அப்படியே நின்றேன்.

மே 23, சனி

பொதுக்கூட்டம் முடிந்தது, பேசிவிட்டேன்!

ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபம். எல்லோரும் கோர்ட் ஆட்கள். கீதன் நிலாணியுடன் வெளியே. எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன்.

"ஒரு வழக்குக்குத் தவணை போட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? கோப்பை முடிந்த வழக்குகளின் அறைக்கு அனுப்புகிறோமா? திரும்பக் கூப்பிடும்போது புது இலக்கம் கொடுக்கிறோமா? இல்லை. அது நடப்புத் தட்டிலேயே இருக்கிறது. நான் வீட்டிலிருந்தபோது என் வேலை இலக்கமும் அப்படியேதான் இருந்தது. எனக்குத் தவணைதான் போட்டார்கள். என்னை ஏன் முடிந்த அறையில் தேடுகிறீர்கள்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். கோர்ட் ஆட்களுக்கு மட்டுமே சிரிப்பு வரும் பகிடி!

கைகள் உயர்ந்தன. எட்வேட் அங்கிள் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். டொரீன் விதிப்புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு அவர் கையும் உயர்ந்தது. நிறைவேறிவிட்டது. பிரசவ விடுமுறை தொடர்ச்சியை முறிக்காது என்று விதியிலேயே சேர்க்கப்போகிறார்கள்.

வாசலில் அங்கிள் என்னை மறித்தார். "தீர்ப்பு வந்திட்டுது. இப்ப சொல்லும், கொழுக்கட்டை மிச்சம் இருக்கே?"

செப்டெம்பர் 15, செவ்வாய்

முதல் வகுப்பு. நிலாணிக்குத் தடிமன், மூக்கு ஒழுகியபடி. இரண்டையும் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்காதே.

டிசெம்பர் 19, சனி

வகுப்பு முடிந்துவிட்டது. ஜனவரியில் பின்மேசை. எட்வேட் அங்கிள் ஓய்வுபெற, அங்கத்துவக் குழுவில் அவர் இடத்துக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள்.

நேற்று ஒரு கயானாப் பெண் கவுண்டருக்கு வந்தாள். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் வேலை; தள்ளுவண்டியில் மூன்றுமாதப் பையன், பிரசவ விடுமுறையில் இருக்கிறாள். அவளுடைய விண்ணப்பம் எங்கள் குழுவில் கிடக்கிறது. நான் குழுவில் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒரு தகர டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினாள். பிள்ளையின் முதல் நத்தாராம். கறுப்பு கேக், ரம்மில் ஊறியது. அந்த வாசம்!

"ஒரு துண்டெண்டாலும்?" என்பதுபோல் நீட்டிக்கொண்டே நின்றாள். நான் எடுக்கவில்லை, காரணத்தைச் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு கன்னத்தில் கைவைத்துச் சிரித்தாள். ஜனவரியில் தீர்ப்புக்குப் பிறகு கட்டாயம் வாங்குவேன் என்றேன்.

இன்று அங்கிளுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்.

"ஒரு தூளும் வாயில வைக்கேல்லையோ?"

"இல்லை அங்கிள்."

"மணந்து பார்த்தனீரோ?"

"...ஓம்."

"அது பரவாயில்லை பிள்ளை. அதுக்கு நாங்கள் விதி எழுதேல்லை."