நாக்கத் தூக்குங்க, டத்தோ

வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் பேனாக் கறையோடு வீடு திரும்பிய என் பெரியம்மாவுக்கு,

இல்லை, நான் உங்களைப் போல நடிக்கவில்லை. உங்கள் குரல் எனக்கு வராது. நடையும் வராது. உங்கள் வேலையை மட்டும் செய்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் நடைபாதை. ஒரு மேசை. தண்ணீர், டம்ளர்கள், தட்டில் மாத்திரை அளவு வெள்ளை மின்ட் மிட்டாய்கள். உங்கள் கோட்டை நான் போட்டிருந்தேன். வருகிறவர் ஒரு மிட்டாயை விழுங்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு, நீங்கள் நோயாளிகளிடம் சொல்வதையே சொல்வேன்: "ஆ காட்டுங்க. நாக்கத் தூக்குங்க."

பல்கலைக்கழகத்தில் இதற்கு நிகழ்த்துகலை என்று பெயர். பைராம் தோட்டத்தில் இதற்கு உங்கள் பெயர்.

காசநோய்க்காரர்களின் வீடு தேடி, ஆறு மாதம், தினமும் மோட்டார் சைக்கிளில் போய் மாத்திரையை விழுங்கவைத்த முதல் அரசு மருத்துவர் எங்கள் பக்கத்தில் நீங்கள்தான். சிறுவயதில் அது எனக்கு வெட்கமாக இருந்தது. தோழியின் மாமாவுக்குச் சொந்தக் கிளினிக், ஏசி. என் பெரியம்மாவுக்குச் சேறு படிந்த செருப்பு. இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

இப்போதைய செய்தி இது. அந்த வீட்டுச் சேவையை நிறுத்திவிடலாமா என்று ஒரு குழு யோசிக்கிறது. "குடுத்தாலும் வாயில ஒளிச்சு வைக்கிறவங்களுக்கு எதுக்கு வீடு தேடிப் போய்க் குடுக்கணும்?" குழுவில் இருக்கும் ஒரு பெரிய மனிதர், டத்தோ பட்டம் வாங்கியவர், கேட்டாராம். அதனால் அவரையே அழைத்தேன்.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. மேசையையும் கோட்டையும் பார்த்த ஜனங்கள் இதைக் கலை என்றே நினைக்கவில்லை. ஐசி அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். "இலவச செக்கப்பா தங்கச்சி? பிரஷரும் பாப்பீங்களா?"

வரிசையில் அஞ்சலை அக்கா. பைராமில் உங்கள் கையால் மாத்திரை வாங்கியவர். இப்போது புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் துப்புரவு வேலை.

டத்தோ வந்தார். நம்மவர் வழக்கம் தெரியும்தானே? ஏற்பாட்டாளர் பொன்னாடையோடு ஓடினார். போர்த்தினார். வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"டத்தோ, லைன் அங்க இருக்கு லா," என்றார் அஞ்சலை அக்கா.

"அக்கா, அவரு சிறப்பு விருந்தினரு," என்றார் ஏற்பாட்டாளர்.

"இருக்கட்டும் அண்ணே. இருமலுக்கு டத்தோன்னு தெரியுமா? எல்லாருக்கும்தான் ஒட்டும்."

டத்தோ சிரித்துவிட்டார். பொன்னாடையோடு கடைசியில் போய் நின்றார். நாற்பது நிமிடம். அவருக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்தார்கள்.

அவர் முறை. மிட்டாய். தண்ணீர்.

"நாக்கத் தூக்குங்க, டத்தோ."

கன்னத்தில் ஒரு சின்ன மேடு.

"ஒளிச்சிட்டாரு!" என்று கத்தினார், போகாமல் நின்று வேடிக்கை பார்த்த அஞ்சலை அக்கா. நடைபாதை முழுக்கச் சிரிப்பு.

"எனக்குச் சுகர்மா," என்றார் டத்தோ, தாழ்ந்த குரலில். "எல்லாரும் பாக்குறாங்க. வேணாம்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

சிரிப்பு அடங்கியது.

"நானும் இப்படித்தான் ஒளிச்சேன், டத்தோ," என்றார் அக்கா. "தின்னா வாந்தி வரும். சொல்ல வெக்கம். டாக்டரம்மா திட்டல. படியில ஒக்காந்து ஏன்னு கேட்டாங்க. மறுநாளும் வந்தாங்க. அவங்க வராட்டி இன்னிக்கு ஒங்கள லைன்ல போகச் சொல்ல நான் இல்ல."

டத்தோ மிட்டாயைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டார். "புதன்கிழமை கூட்டத்துல வந்து இத சொல்றியாம்மா?"

"லீவு குடுக்க மாட்டாங்க, டத்தோ."

உங்கள் பெயரில் கட்டடம் இல்லை, தெரு இல்லை. ஆனாலும், பெரியம்மா, அந்த நேரம் "அது என் பெரியம்மா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அடுத்தவர் ஐசியை நீட்டிக்கொண்டிருந்தார்.

குழு என்ன முடிவெடுக்கும்? தெரியாது. ஆறு மாதத்தில் ஒருநாளாவது, போகாமல் இருந்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றியதா? நீங்கள் இருந்தபோது அதையும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். அந்தச் சேவை நிற்காது என்று எழுத்தில் வரும்வரை, ஒவ்வொரு கூட்டத்திலும் நான் இருப்பேன்.

திங்கட்கிழமை காலை அஞ்சலை அக்காவோடு புக்கிட் தெங்கா போனேன். அவருடைய மேலாளரிடம் பேசி, புதன்கிழமைக்கு விடுப்பு எழுதி வாங்கினேன்.

உங்கள் தங்கை மகள்,
மதி