ஒரே தட்டு, இரண்டு கை

மார்ச் 4, செவ்வாய்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாலு பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் எதிரில் வந்து நின்றாள். பேத்திக்கு நான் வைத்த பெயர் அது. பதினாலு வயசாகியும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"பாட்டி, குடும்ப ஜோடிப் போட்டிக்கு உன் பேரைக் குடுத்துட்டேன்."

"என் பேரையா? எதுக்குடி?"

"டிஸ்க் கால்ஃப்தான். இருபத்திமூணாம் தேதி. நீயும் நானும்."

பூங்காவில் இடுப்புயரக் கம்பங்களில் கூடை மாட்டி, மேலே சங்கிலி தொங்கவிட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பிளாஸ்டிக் தட்டை எறிந்து எறிந்து கடைசியில் கூடைக்குள் போட வேண்டும். யார் குறைவான எறியில் போடுகிறார்களோ அவர்கள் கெட்டிக்காரர்கள். அவளுக்குத் துணையாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தான் நான். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சும்மா எடுத்து எறிந்து பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்தது?

போன வருஷம் அவளுக்கு ஜோடி என் மகன். எட்டாவது கூடையில் அவள் தவறவிட்டாள் என்று எல்லார் எதிரிலும் கத்தினான். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு வீடு வந்தாள். இந்த வருஷம் அப்பனைத் தாண்டி என்னிடம் வந்திருக்கிறாள். ஜெயிக்கிற ஜோடியில் இருக்கிற பிள்ளைக்கு டிஸ்க் கால்ஃப் கழகத்துப் பயிற்சிக் குழுவில் இடம். ஒரே ஓர் இடம். அதற்கு அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். தூக்கத்தில்கூட மணிக்கட்டு ஆடுகிறது.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பெயர் போட்டிப் பட்டியலில்! நாலு தடவை எழுந்து கண்ணாடி பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

சாப்பிடும்போது மகன் ஆரம்பித்தான். "அம்மா, உனக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகல. உன்னால அவ இடம் போயிடப் போகுது."

"போன வருஷம் யாரால போச்சாம்?" என்றாள் மருமகள், தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

அவன் குனிந்து சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான்.

ஆனாலும் — உன்னால என்று சொல்லிவிட்டானே.

மார்ச் 8, சனி

இன்று தட்டு வாங்கப் போனோம். என்ன ஒரு நாள்!

போட்டி விதி இது: ஒரு ஜோடிக்கு ஒரே தட்டு. மாற்றி மாற்றி எறிய வேண்டும். வாலு எறிவது பேக்ஹேண்ட். உடம்பை முறுக்கி, கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து விடுவாள். என் வலது முழங்கால் அந்த முறுக்குக்கு வராது. நான் எறிவது ஃபோர்ஹேண்ட். நின்ற இடத்தில் நின்று, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, விளிம்புக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்து, மணிக்கட்டால் ஒரு வெட்டு. ஓட்டல் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் ஈரப் படுக்கைவிரிப்பு உதறிய கை. பட்டென்று சத்தம் வராவிட்டால் அங்கே உதறல் கணக்கில் சேராது.

கடைக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் எறியச் சொல்லிப் பார்த்தாள். "உங்களுக்கு வேண்டியது அப்ரோச் புட்டர்மா. தூரமா ஓடற தட்டு இல்ல, கூடைகிட்ட கொண்டுபோய் விடற தட்டு. ஆனா ரெண்டு பேர் கையும் ரெண்டு விதமா இருக்கே."

கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் மூன்று தட்டு கொடுத்தாள்.

வெள்ளை மெத்தென்று இருந்தது. வாலு எறிந்தால் மிதந்து போய் அலுங்காமல் உட்கார்ந்தது. நான் எறிந்தால் கிடுகிடுவென்று நடுங்கி, இடது பக்கம் கவிழ்ந்து வேலிக்குள் ஓடியது.

சிவப்பு கட்டை மாதிரி கெட்டி. என் வெட்டுக்கு நடுங்கவே இல்லை. நேராகப் போய், கடைசியில் வலது பக்கம் பணிவாக இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் வாலு எறிந்தால் பாதி வழியிலேயே இடது பக்கம் சரிந்து விழுந்தது.

"உங்க கை முரடும்மா" என்றாள் கடைக்காரம்மா.

"முரடா? இது சம்பாதிச்ச கை."

நீலம் இரண்டுக்கும் நடுவில். அவளுக்கும் போனது, எனக்கும் போனது. முழுக்க இல்லை, முக்கால்வாசி. இருந்ததும் அந்த ஒன்றுதான், வாங்கிவிட்டோம்.

இன்னொன்று எழுத வேண்டும். கடை மூலையில் பழைய தட்டுகள் போட்ட பெட்டி இருந்தது. அதில் ஒரு பழைய சிவப்பு, மரத்தில் அடிபட்டு விளிம்பெல்லாம் பொரிந்து கிடந்தது. எடுத்தேன். என் விரல் தானாகப் போய் அந்தச் சொரசொரப்பில் உட்கார்ந்துகொண்டது.

"பாட்டி, அது குப்பை. கீழ வை."

வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நீலம்: பதினெட்டு எறியில் பதினொன்று கூடைக்குப் பத்தடிக்குள். எண்ணியது நான்தான், கூட்டிச் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

வாலு எனக்கு வாத்தியார். வாத்தியார் பிரம்பு ஒன்றுதான் பாக்கி.

"தோளை உதறாத பாட்டி, கையை உதறு. ஏன் பல்லைக் கடிக்கிற?"

"பல் செட்டுடி. கடிக்கலன்னா அதுவும் சேர்ந்து பறக்கும்."

புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். இந்த மைதானத்தில் அவள் இப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது.

மார்ச் 20, வியாழன்

கடவுளே, என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

நீலத்தை மகன் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் வைத்து நேற்று முழுக்க வெயிலில் விட்டிருந்தான். எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வளைந்து கிடந்தது. வாலு பள்ளிக்கூடத்தில். வளைந்ததை நிமிர்த்த எனக்குத் தெரியாதா? எத்தனை ஆயிரம் சட்டைக் காலரை நிமிர்த்தியவள்! இஸ்திரிப் பெட்டியைப் பட்டுத் துணிக்கு வைக்கிற சூட்டில் வைத்தேன். மேலே ஈரத்துணி போட்டேன். ஒரே ஒரு அழுத்து.

துணியை எடுத்தால் தட்டு நடுவில் குழிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அச்சாகப் பதிந்திருக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் நூலாகிவிட்டது.

போட்டிக்கு மூன்று நாள்.

அலமாரியில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வாலு வந்து கேட்டாள், "எங்க பாட்டி நீலம்?" — "கழுவிக் காயப் போட்டிருக்கேன்" என்றேன். பொய். இந்த வயசில் பேத்தியிடம் பொய். உன்னால அவ இடம் போயிடப் போகுது என்று அவன் சொன்னது சரிதானோ?

மார்ச் 21, வெள்ளி

சாயங்காலத்துக்கு மேல் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். தட்டை அவள் கையில் கொடுத்தேன். எல்லாரும் இருந்தார்கள்.

வாலு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அப்புறம் ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு!

"பாட்டி, மடிப்பு எடுத்துட்ட!"

மகன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "கத்தறதா இருந்தா என்னைக் கத்து. அவளை ஒரு வார்த்தை சொல்லாத."

அவன் அந்த மூக்கு அச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். "கார்ல வெச்சது நான்தானே" என்றான். பிறகு சாவியை எடுத்தான். "கிளம்புங்க, கடை திறந்திருக்கும்."

நீலம் வேறு இல்லை. சூடு பட்ட தட்டு போட்டியில் செல்லாது என்றும் கடைக்காரம்மா சொல்லிவிட்டாள். மூன்று பேரும் சாமான் தொலைத்தவர்கள் மாதிரி நின்றோம். நான் மூலைப் பெட்டிக்குப் போய் அந்தப் பொரிந்த சிவப்பை எடுத்து வந்தேன்.

"இதுவும் அன்னிக்கு எறிஞ்ச கெட்டிச் சிவப்பும் ஒரே ஜாதிதாம்மா" என்றாள் கடைக்காரம்மா. "ஆனா அஞ்சாறு வருஷம் அடிபட்டிருக்கு. புதுசுல இருக்கற அந்தப் பிடிவாதம் போயிருக்கும்."

வாலு நம்பாமல் எறிந்தாள். நேராகப் போனது. மிதந்து, கடைசியில் மட்டும் லேசாக இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. நான் எறிந்தேன். நடுங்கவில்லை! நேராகப் போய், கடைசியில் லேசாக வலது பக்கம் இறங்கி, அவளுடைய எறி விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

வாலு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாட்டி?"

"குப்பைன்னியேடி!"

மார்ச் 23, ஞாயிறு

வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது கூடை. மூன்றாவதில் நான் எறிந்தது கால்வாயில் விழுந்தது. அஞ்சாவதில் கணக்கு எழுதுகிறவரின் குடையில் பட்டது. "மன்னிச்சுக்கப்பா" என்றேன், "பரவால்லம்மா, இன்னும் மழை வரல" என்றார். வாலு ஒவ்வொரு தடவையும் என் முதுகில் தட்டி, "அடுத்தது பாட்டி, அடுத்தது" என்றாள். அவளுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எட்டு கூடை முடிந்தபோது முடிதிருத்தகம் வைத்திருக்கிறவரும் அவர் மகளும் எங்களோடு சமம். ஒன்பதாவதை அவர்கள் நாலு எறியில் முடித்துவிட்டார்கள். நாங்கள் மூன்றில் முடிக்க வேண்டும்.

முதல் எறி வாலு. கிளையில் பட்டு, இடது பக்கப் புதருக்குப் பின்னால் விழுந்தது. அங்கே போய் நின்று பார்த்தால் கூடை தெரியவில்லை. நடுவில் பெரிய அடிமரம். மரத்துக்கு இடது புறம் ஓர் ஆள் நுழைகிற சந்து. சந்து வழியாக நேராகப் போய், மரத்தைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்ப வேண்டும். பேக்ஹேண்டுக்கு அந்த வழியே இல்லை. என் முறை.

"பாட்டி, முடியலன்னா பரவால்ல" என்றாள்.

விரலைச் சொரசொரப்பில் கொடுத்தேன். மைதானம், ஆட்கள், மரம் எல்லாம் மறைந்தது. முழு ஈர விரிப்பு ஒன்று கையில் இருக்கிறது, அவ்வளவுதான். உதறினேன். பட்!

சந்துக்குள் போனது. மரத்தைத் தாண்டியது. திரும்பு, திரும்பு, திரும்புடி என்று வாய்விட்டே கத்திவிட்டேன். திரும்பியது!

கூடைக்கு ஆறடி.

வாலு போய்த் தட்டை எடுத்துக்கொண்டு நின்றாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் மகன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். தவறிக்கூட ஒரு சத்தம் வந்துவிடக் கூடாதென்று. அவள் ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள்.

அந்தச் சங்கிலிச் சத்தம் இருக்கிறதே — போதும்.

மார்ச் 29, சனி

வாலுவை முதல் நாள் பயிற்சிக்கு இறக்கிவிட்டு வந்தோம். பச்சைச் சட்டை, முதுகில் கழகத்தின் பெயர். தோள் கொஞ்சம் பெரிது. நேற்றே தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். "பாட்டி, சட்டையை மட்டும்" என்று பக்கத்திலேயே காவல் நின்றாள். பழைய சிவப்பு அவள் பையில் போய்விட்டது. அது அவளிடம்தான் இருக்க வேண்டும்.

திரும்பும்போது மகன் கேட்காமலே காரைக் கடை வாசலில் நிறுத்தினான்.

"யாருக்கும்மா?" என்றாள் கடைக்காரம்மா.

"எனக்கு."

"அப்ப ஃபோர்ஹேண்டுக்குக் கெட்டியா ஒண்ணு எடுக்கறேன்."

நாலு நாளாகப் பின்கட்டில் டப்பா மூடியை வைத்து, பேக்ஹேண்டுக்கு உடம்பை மெதுவாக முறுக்கிப் பார்க்கிறேன். முழங்கால் முனகுகிறது. ஆனால் திரும்புகிறது.

"ரெண்டுக்கும் ஆகற மாதிரி குடு" என்றேன். மூலைப் பெட்டியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். மகன் குனிந்து நகர்த்தினான்.