நீல நாடா கட்டாத வண்டி

பேச் நகரம்
ஞாயிறு மதியம்

என் செல்ல மகள் எமொகேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும், வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. புதன்கிழமை நீ போனில், "நீ அக்காவா, போலீசா? கூடப் பிறந்த தம்பியை ஊர் முன்னாடி அவமானப்படுத்திட்டியே" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். உன் மாமா தெஜோ எனக்கு முந்தியே உன்னிடம் சொல்லிவிட்டான் என்று அப்போதே புரிந்தது. உனக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன் அவன், நீ அவன் பக்கம்தான் நிற்பாய், நில். ஆனால் என் வாயாலும் ஒரு தடவை கேட்டுக்கொள்.

நம் சைக்கிள் பட்டறையில் யாருக்கும் சம்பளம் கிடையாது என்று உனக்குத் தெரியும். ஊர் வேண்டாம் என்று தள்ளுகிற வண்டிகளைச் சரிசெய்து, வாங்க வழியில்லாதவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சும்மா கொடுக்கிறோம். வசந்தத்தில் தலைவர் பொறுப்புக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள், உன் மாமாதான் என் கையைப் பிடித்துத் தூக்கி, "எங்க அக்கா செய்வா, அவளுக்கு வாய் இருக்கு" என்றான். அன்றைக்கு நான் வைத்தது ஒரே ஒரு சட்டம். ஒருவர் சரிசெய்த வண்டியை வேறொருவர் பிரேக் பிடித்து, முற்றத்தில் ஓட்டிப் பார்த்து, ஹேண்டில்பாரில் நீல நாடா கட்ட வேண்டும், நாடா இல்லாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவனும் அவன்தான்.

போன வாரத்துச் சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற பொரோகா என்ற பெண் நாடா கட்டிய ஒரு சிவப்பு வண்டியை வாங்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை காலை தெத்யே குன்று இறக்கத்தில் பிரேக் ஒயர் நட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது, சுவரில் மோதித் தோள் எலும்பு முறிந்துவிட்டது. தலை தப்பியது கடவுள் புண்ணியம். ஓடிப்போய்ப் பார்த்தேன், அவள் என்னைத் திட்டவே இல்லை. "நாடா இருக்கேன்னு நம்பித்தான் அக்கா இறக்கத்துல விட்டேன், இல்லேன்னா தள்ளிக்கிட்டே போயிருப்பேன்" என்றாள். எமொகே, அவள் என்னை ரெண்டு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு எங்கே போவது?

மறுநாள் பட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்து, அந்த வண்டியைச் சரிசெய்தது யார் என்று கேட்டேன். தான்தான் என்றான் தெஜோ. நாடா கட்டியது யார் என்றேன். அவனே, "அதுவும் நான்தான். தெரு வரைக்கும் ஆள் நிக்குது, இருபது வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறவனை எவன் வந்து செக் பண்ணணும்?" என்றான். வேறு யாராக இருந்தாலும் என்ன சொல்வேனோ அதையே சொன்னேன்: ஒரு மாதம் நீ ரிப்பேர் பண்ணக் கூடாது, மற்றவர்கள் செய்ததை ஓட்டிப் பார். சிரித்தான். "சம்பளமா குடுக்கிறே, சஸ்பெண்ட் பண்றதுக்கு? தலைவியாம் தலைவி! ஒரு பஞ்சர் ஒழுங்கா ஒட்டுவியா நீ?" என்று ஏப்ரனைக் கழற்றி மேஜையில் எறிந்தான். அவனோடு மூன்று பேர் எழுந்து போனார்கள், பட்டறையின் நல்ல கைகளே அவைதான். மிஞ்சியது நானும் கண் மங்கிய தபால்காரர் கல்மானும். அவர், "தம்பிதானே, கூப்பிட்டு ராசியாகிடும்மா, இல்லேன்னா சனிக்கிழமையோட கதவைச் சாத்த வேண்டியதுதான்" என்றார். வீட்டுக்கு வந்தால் உன் அப்பாவும் அதே பாட்டு, மறுநாள் உன் போன் வேறு. அழுதேன், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? அவனைக் கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். பொரோகாவின் கட்டுப் போட்ட தோள்தான் கண் முன்னால் நின்றது. கூப்பிடவில்லை.

நேற்று கதவைத் திறந்தோம். கொடுக்க இருந்தது நாலே வண்டி, வரிசையில் முணுமுணுப்பு தாங்கவில்லை. கடைசி ஆளாகத் தெஜோ, தன் சொந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு. எல்லோர் முன்னாலும் சண்டைக்கு வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். அவன் முறை வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "பொரோகாவைப் பார்த்துட்டுத்தான் வரேன். உன்கிட்ட சொன்னதை என்கிட்டயும் சொன்னா" என்றான். பிறகு வண்டியை என் பக்கம் தள்ளி, "என் வண்டியை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லக்கா. பார்" என்றான். பார்த்தேன். பின்பக்க பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது, ஊருக்கெல்லாம் பிரேக் போட்டுக் கொடுக்கிறவனுக்கு! இது வாசலைத் தாண்டாது என்றேன். "அப்ப நீயே மாத்து, நான் ஓட்டிப் பார்க்கிறேன்" என்றான். விரல் நசுங்கி, முழங்கை வரை கறுப்பாகி, ஒரு வழியாக மாட்டி முடித்தேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நம் பட்டறை முற்றத்தின் சரிவு உனக்குத் தெரியுமே, மேல்கோடியில் ஏறி, கீழே இருக்கிற கல் மதிலைப் பார்த்து அப்படியே விட்டான். "டேய் தெஜோ!" என்று கத்திவிட்டேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணுக்குள் நட்டு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. கைதட்டல் கேட்டுத்தான் திறந்தேன், மதிலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறான். நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்க மாட்டேன் என்கிறான்! "நிக்குது. ஆனா ஒரு கட்டை ரிம்மை உரசுது. நாடா கட்ட மாட்டேன், திரும்ப மாட்டு" என்கிறான்.

தலைவியான நான் செய்த வேலையைச் சரியில்லை என்று அத்தனை பேர் பார்க்கத் திருப்பிவிட்டான், எமொகே. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன், அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியில்லை என்று திருப்பிவிட்டான். அவனோடு போனவர்களில் இரண்டு பேர் சாயங்காலம் வந்து ஏப்ரன் மாட்டினார்கள், ஒருவர் வரவில்லை, வருவார் என்றும் தோன்றவில்லை. இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் உன் மாமா ஸ்பேனரைத் தொட மாட்டான். அவன் வண்டி நாடா இல்லாமல் பட்டறையில் நிற்கிறது, நேற்று அவன் நடந்தே வீட்டுக்குப் போனான்.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். பிளம் ஜாம் அனுப்பியிருக்கிறேன், ஒரே நாளில் தீர்த்துவிடாதீர்கள். மாமாவுக்குப் போன் பண்ணிப் பேசு. உன் சைக்கிளின் பிரேக்கையும் மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல், நீயே பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கிளம்பிவிடாதே.

உன்மேல் கோபமே இல்லாத அம்மா,
இபோயா