சட்டிக்கு ஒரு சாப்பாடு

திருப்போரூர்
ஞாயிறு

அன்பு மகள் சிநேகாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் ஆசை, ஆனால் நீ போனில் அழுததைக் கேட்ட பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. இருபத்து நாலு வயதில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, மூன்று மாதத்தில் எடையைக் குறைக்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நானோ ரெண்டு சப்பாத்திக்கு மேல் தொடுவதில்லை, என்ன பாவம் செய்தேன் என்று கேட்டாய். வீடியோவில் தட்டைக்கூடக் காட்டினாய். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் சொன்னதில்லை. போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் என் சர்க்கரைக்குக் காட்டப் போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் சுவேதா, வாயில் போடுவதையெல்லாம் ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதினேன். காலையில் ரெண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, கீரை, மோர். எடையோ ரெண்டு கிலோ ஏறியிருந்தது. அவள் நோட்டையும் என்னையும் பார்த்து, "இன்னாக்கா, காத்து குடிச்சா வெயிட்டு ஏறுது?" என்றாள். வழியெல்லாம் அழுதேன். மறுநாள் மூன்று மணிக்கு மாமல்லபுரத்திலிருந்து மீன் கொண்டுவரும் செங்கம்மாள் அக்கா பின்கதவு வழியாக வந்தார். நான் உட்கார்ந்து மீன் குழம்புச் சட்டியில் மிச்சச் சோற்றைப் போட்டுத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தேன். அவர் கூடையைக்கூட இறக்கவில்லை. "இன்னாடி ரேணுகா, டாக்டருக்கு ஒரு சாப்பாடு, சட்டிக்கு ஒரு சாப்பாடா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அந்த மிச்சத்தை முதலில் தட்டில் கொட்டிப் பார்த்தேன். இரண்டரைக் கிண்ணம். நான் "சாப்பிட்ட"தைவிட அதிகம். எனக்கு அது சாப்பாடாகவே தோன்றியதில்லை, பாத்திரம் கழுவுவதற்கு முந்தின வேலை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உலையில் ஒரு ஆழாக்கு அரிசி குறைவு. அப்பா நாலு நாள், "இன்னா, ரேஷன்ல அரிசி நிறுத்திட்டானா?" என்று கேட்டுப் பார்த்தார், பிறகு பழகிவிட்டார். மிஞ்சுவது பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது. சாயங்காலம் கோயில் குளத்தை மூன்று சுற்று நடக்கிறேன். ஏழு மாதத்தில் நாலு கிலோ இறங்கியிருக்கிறது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் மாட்டேன். நீயும் இதைப் படித்துவிட்டு ராத்திரிப் பட்டினி கிடக்காதே.

நீ தட்டைக் காட்டிய அன்று போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டே இருந்தாய். குக்கரில் ஒட்டியிருந்த சோற்றை மாப்பிள்ளை மிச்சம் வைத்த குழம்பில் பிசைந்து, நின்றபடியே, கரண்டியால் தின்றாய். நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் அது என் கை. தட்டில் நாலு பருக்கை மிஞ்சினாலும் உன்னை எழுந்திருக்க விட்டதில்லையே நான். சோற்றைக் கொட்டினால் பாவம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அளந்து சமை. அப்படியும் மிஞ்சினால், அந்த மூன்றாம் மாடியில் மாடு எங்கே இருக்கிறது, கொட்டிவிடு. பாவம் வந்தால் என்னைச் சேரட்டும், சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அடுத்த முறை வீடியோவில் வரும்போது தட்டைக் காட்டாதே, குக்கரைக் காட்டு.

உன் அம்மா,
ரேணுகா