சென்னிமலை சொன்ன ‘போட்டிருப்பேன்’

ஜேடர்பாளையம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி சின்னுசாமிக்கு உன் தகப்பன் எழுதுவது. நீயும் சௌந்திரமும் பேரனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை, நானும் உன் அம்மாளும் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்துகொள். அவள் ஒரு வாய் சோறு எடுத்தால் மறு வாய் எடுப்பதில்லை. சௌந்திரத்தின் தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இளம்பிள்ளைக்குப் போய்ப் புடவை எடுத்தார்கள் என்று கேள்வி, எங்களைக் கூப்பிடவில்லை. தூக்குத் தண்டனை விழுந்த வீட்டுக்காரர்களை யார் கூப்பிடுவார்கள், சௌந்திரத்தை வருத்தப்பட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதம் வந்தது. என் இங்கிலீஷில் பிழை இல்லை, தம்பி சொன்னதைத்தான் எழுதினேன், பிழை என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஆபீசில் தலைகாட்ட முடியாது, கடிதம் எழுதும் வேலையே போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் நீ அதைப் படித்துத் தாங்கியிருக்கமாட்டாய், அதனால் ஆறப் போட்டு எழுதுகிறேன். நடந்ததை நீ பார்த்தவன்தான், ஆனாலும் பத்திரம் எழுதும்போது வேண்டுமென்று மறுபடி சொல்கிறேன். நீ லீவில் வந்திருந்தபோது பக்கத்துக் காட்டுக் கந்தப்பன் நம் மடையை அடைத்தான், தட்டிக் கேட்கப் போன உன் அம்மாளை வாய்க்கு வந்தபடி பேசினான். உன் தம்பி சென்னிமலை அன்று கன்றை விற்கச் சேந்தமங்கலம் சந்தைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் கந்தப்பன் வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டி வெட்டு விழுந்து செத்துக் கிடந்தான். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. சாட்சி சொல்லக் கன்று வாங்கினவனைத் தேடி மலையடிவாரமெல்லாம் அலைந்தேன், ஆள் கிடைக்கவில்லை. கந்தப்பன் பெண்சாதி அங்கம்மாள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

விசாரணைக்கு வந்த துரைக்குத் தமிழ் போதாது என்று நீயே முன்வந்து தம்பி சொல்வதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாய். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அவன் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. “எங்காத்தாளைப் பேசறப்ப நான் போயிருந்தா மம்முட்டியில போட்டிருப்பேனுங்க” என்றான். போகவில்லை, போடவில்லை என்பது அதிலேயே இருக்கிறது, நம் ஊரில் மாடு மேய்க்கிறவனுக்கும் அது விளங்கும். வக்கீல் உன் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ‘போயிருந்தா’ என்றதற்கு ‘இஃப்’ போடவேண்டிய இடத்தில் ‘வென்’ போட்டிருக்கிறாயாம், ‘போட்டிருப்பேன்’ என்றதற்கு ‘வுட் ஹாவ்’ போடாமல் ‘மஸ்ட் ஹாவ்’ போட்டிருக்கிறாயாம். நடக்காததைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல், நடந்திருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேறொரு சொல். நமக்கு இரண்டுக்கும் ‘இருப்பேன்’ ஒன்றுதான். நீ எழுதினதைப் படித்தால், நான் போனபோது மண்வெட்டியால் போட்டிருக்கத்தான் வேண்டும் என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறதாம். போட்டிருப்பேன் என்று சொன்னாயா என்று துரை திரும்பக் கேட்டபோது ஆமாங்க என்றான், சொன்னதுதானே. கையெழுத்துப் போடும் முன் உன் முகத்தைப் பார்த்தான், நீ தலையை ஆட்டினாய், போட்டுவிட்டான்.

அந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தண்டனை விழுந்தது. மதராஸில் அப்பீல் எடுக்கும் முன், எழுதினவனே இன்ன இடத்தில் பிசகிவிட்டேன் என்று ரங்கூனிலேயே மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து அனுப்பினால் வழி உண்டு, வேறு வழி இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும், இங்கே காடு இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, வா.

போன வாரம் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். அண்ணன் எழுதின பிசகு என்று சொன்னால் கேட்கவில்லை. “அண்ணன் தப்பா எழுதியிருக்க மாட்டாருங்கையா, நாந்தான் தப்பாச் சொல்லியிருப்பேன், அவரை வையாதீங்க” என்கிறான். வக்கீலிடம் வந்து சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த ‘இருப்பேன்’ இருக்கிறதே, இதற்குத்தான் ‘மஸ்ட்’ வரும் என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன். உன் அம்மாளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. “பெரியவன் எழுதீருவானுங்க, எம்பட பையன் எழுதாம இருப்பானா” என்றாள். நீ எழுதின பதிலை நான் அவளுக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுங்கள், சுருட்டைக் குறை. நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும் என்று உன் அம்மாளும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மதராஸுக்குக் கப்பல் தபால் எந்தக் கிழமை என்று விசாரித்து அதற்குள் பத்திரத்தைச் சேர்த்துவிடு. சின்னுசாமி எழுதியிருந்தால் சென்னிமலை பிழைத்திருப்பான் என்று நாளைக்கு நாங்கள் பேசும்படி வைத்துவிடாதே. அந்த ‘இருப்பான்’ எது என்று உனக்கு இப்போது தெரியும்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
சுப்பையன்